ரிப்போர்ட்டில் இருந்த நான்கு மருந்தும் அதில் பார்க்காத காட்மியமும்

பெங்களூர் அல்சூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி. அவர்களுடைய அபார்ட்மெண்ட் அசோசியேஷன் ஒரு கட்டு கொத்தமல்லியையும் ஒரு கட்டு பாலக்கையும் லேபுக்கு அனுப்பியிருக்கிறது. நான்கு பூச்சிமருந்துகள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. அன்றிலிருந்து வர்த்தூர் பக்கமிருந்து கூடையோடு வரும் கீரைக்கார அம்மாவிடம் யாரும் வாங்குவதில்லை. மூன்று மடங்கு விலை கொடுத்து ஆர்கானிக் கடைக்குப் போகிறார்கள். மாமியாரோ, கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார். வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை. கீரை கொடுக்கலாமா, கழுவினால் போகுமா, ஆர்கானிக்தான் வழியா, வேறு எங்கே டெஸ்ட் செய்யலாம் என்பது கேள்வி.

நான் ஓசூர்க்காரன். பெங்களூரில் உணவில் மருந்து எச்சம் பார்க்கும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் படித்தேன். அதில் இருக்கும் எண்களுக்காக நீங்கள் கீரையை நிறுத்தியிருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் ஊர்க் கீரையில் பார்த்திருக்க வேண்டிய விஷயத்தை அசோசியேஷன் பார்க்கச் சொல்லவே இல்லை. பூச்சிமருந்து மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள், லேபும் அதை மட்டும் பார்த்துக் கொடுத்திருக்கிறது.

முதலில் அந்த ரிப்போர்ட். கொத்தமல்லியில் குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து கிலோவுக்கு 0.3 மில்லிகிராம், மற்ற மூன்றும் 0.02-லிருந்து 0.05-க்குள். இந்த எண் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதி பயம் போகும். கட்டை வேர் நறுக்கி, கழுவாமல் அப்படியே அரைப்போம். சட்டப்படி பார்ப்பது கடையில் விற்கும் பொருளைத்தான், உங்கள் வாணலியில் இருப்பதை அல்ல. அரைத்ததில் 10 கிராம் எடுத்து 50 மில்லி பிளாஸ்டிக் குழாயில் போட்டு, 10 மில்லி அசிட்டோநைட்ரைல் ஊற்றிக் குலுக்குவோம். பிறகு மெக்னீசியம் சல்பேட்டும் உப்பும் போட்டதும் குழாய் கைக்குச் சுடும், அது தண்ணீரை உறிஞ்சும் சூடு. சுழலியில் போட்டு எடுத்தால் மேலே கரும்பச்சையாக ஒரு அடுக்கு நிற்கும், மருந்தெல்லாம் அதில்தான். கீரை என்றால் அந்தப் பச்சையத்தைக் கழற்றக் கார்பன் தூளும் போட வேண்டும். அதிகமாகப் போட்டால் சில மருந்துகளையும் அது பிடித்துக்கொள்ளும், குறைவாகப் போட்டால் கருவி அழுக்காகும். 2003-இல் அனஸ்தாசியாடிஸ், லெஹோட்டே குழுவினர் வெளியிட்ட முறை இது. கேட்சர்ஸ் என்று எல்லா லேபிலும் சொல்வோம். அதற்கு முன்னால் ஒரு மாதிரிக்கு ஒரு நாளே போகும். இப்போது ஒரு நாளில் பெட்டி பெட்டியாக ஓட்டலாம், ஒரே ஓட்டத்தில் நூற்றுக்கணக்கான மருந்துகளைத் தேடலாம்.

அந்தச் சாற்றைச் சோதிக்கும் கருவி கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் வரை நம்பிக்கையாகச் சொல்லும். ஒரு டன் கீரையில் 10 மில்லிகிராம், அவ்வளவுதான். இந்தக் கூர்மையில் தேடினால் ஏதாவது கிடைக்கத்தான் செய்யும். மத்திய வேளாண் அமைச்சகம் 2005-06 முதல் நாடு முழுக்க ஒரு எச்சக் கண்காணிப்பு நடத்துகிறது. 2014-15-இல் அதில் பார்த்த 20,618 மாதிரிகளில் 18.7 சதவீதத்தில் எச்சம் இருந்தது, வரம்பைத் தாண்டியவை 2.6 சதவீதம். இந்த இரண்டு எண்களில் எது தலைப்புச் செய்தியாகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இன்னொன்று, கருவி சொல்லும் எண்ணுக்கும் ஒரு தள்ளாட்டம் உண்டு. இந்தத் துறையில் ஐம்பது சதவீதம் ஏறவோ இறங்கவோ வாய்ப்பு உண்டு என்று வைத்துத்தான் அதிகாரிகளே முடிவெடுக்கிறார்கள். உங்கள் 0.3 என்பது 0.15 ஆகவும் இருக்கலாம், 0.45 ஆகவும் இருக்கலாம்.

இனி ‘வரம்பு’. உங்கள் ரிப்போர்ட்டில் நான்கு வரிக்கும் வரம்பு என்ற கட்டத்தில் 0.01 என்றே போட்டு, எதிரே சிவப்பு அடித்திருக்கிறார்கள். அது அந்த மருந்து எவ்வளவு உடம்புக்குள் போனால் கெடுதல் என்று பார்த்து வைத்த எண் அல்ல. ஒரு பயிருக்கும் ஒரு மருந்துக்கும் சேர்த்துத் தனி வரம்பு குறிக்கப்படாத இடத்தில் நாட்டின் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. பொதுவாக வைத்திருக்கும் எண். தனி வரம்பு இருக்கும் இடத்திலும் அது முதலில் வயலின் கணக்குதான். சிபாரிசு செய்த அளவில் அடித்து, சொன்ன நாள் காத்திருந்து அறுத்தால் எவ்வளவு மிச்சம் நிற்கும் என்று சோதனை வயலில் பார்த்து, அதைச் சாப்பிட்டால் ஆபத்தில்லை என்று சரிபார்த்து வைப்பது. அதைத் தாண்டினால் விவசாயி பெரும்பாலும் முறைப்படி அடிக்கவில்லை என்று சொல்லலாம். சாப்பிட்டவருக்கு நோய் வரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால், 2024 ஏப்ரலில் மசாலாப் பொருள்களுக்கான பொது வரம்பைச் சில மருந்துகளுக்கு 0.01-லிருந்து 0.1 ஆக்கினார்கள். ஒரே இரவில் எவர் உடம்பும் பத்து மடங்கு பலசாலியாகவில்லை. அந்த மாற்றம் எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு கதை.

உடம்புக்கான கணக்கு தனி. விலங்குகளுக்கு வருடக்கணக்கில் கொடுத்துப் பார்த்து, எந்தப் பாதிப்பும் தெரியாத அளவை எடுத்து, பெரும்பாலும் அதை நூறால் வகுத்து, தினமும் ஆயுள் முழுக்கச் சாப்பிடக்கூடிய அளவு என்று வைப்பார்கள். குளோர்பைரிபாஸுக்கு உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பான எஃப்.ஏ.ஓ.வும் கூட்டிய வல்லுநர் குழு வைத்தது, உடல் எடை ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். உங்கள் குழந்தை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 0.12 மில்லிகிராம். ரசத்திலும் சட்னியிலுமாக அது 5 கிராம் கொத்தமல்லி தின்றால் உள்ளே போவது 0.0015. எண்பதில் ஒரு பங்கு. அதையும் கழுவாமல், வேகவைக்காமல் தின்றால்.

இதைச் சொல்லிவிட்டு இதன் எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2019-இல் குளோர்பைரிபாஸைத் திரும்பப் பார்த்து, கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளை வளர்ச்சிக்கு அது செய்வதையும், மரபணுவைத் தொடுமோ என்ற சந்தேகத்தையும் வைத்து, ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று ஒரு எண் வைக்கவே முடியாது என்றது. 2020-இல் அங்கே அது தடையாயிற்று. ஆகவே எண்பதில் ஒரு பங்கு என்று நான் போட்ட கணக்கு பழைய எண்ணை நம்பிப் போட்டது. ஒரு கட்டுக் கொத்தமல்லிக்காகக் கலங்க வேண்டாம் என்பேன். இந்த மருந்து கீரை வயலுக்கு வரவே கூடாது என்றும் சொல்வேன். எனக்கு இரண்டும் முரணாகத் தெரியவில்லை.

கழுவுவதைப் பற்றி. உங்கள் மாமியார் முறையில் பாதி சரி, அந்தப் பாதிக்குக் காரணம் உப்பும் அல்ல, மஞ்சளும் அல்ல. அமெரிக்காவில் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தார் 2000-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 12 மருந்துகளில் 9 வெறும் குழாய்த் தண்ணீரில் நன்றாகவே குறைந்தன. தண்ணீரில் கரையக்கூடிய மருந்துதான் போகும் என்று நினைப்போம், அப்படி ஒரு தொடர்பும் இல்லை. ஓடும் தண்ணீரும் கையின் தேய்ப்பும் இலைமேல் ஒட்டியிருப்பதை இழுத்துக்கொண்டு போகின்றன. கடையில் விற்கும் காய்கறி கழுவும் திரவங்களுக்கும் தண்ணீருக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆப்ப சோடாவுக்கு மட்டும் ஒரு நல்ல சான்று உண்டு. 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிள் மேல் இரண்டு மருந்தைத் தடவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் சோடா போட்ட கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தார்கள். தோல்மேல் இருந்தது போய்விட்டது. தையபெண்டசோல் என்ற பூஞ்சைமருந்தில் 20 சதவீதம் அதற்குள் தோலைத் தாண்டி உள்ளே இறங்கியிருந்தது, அதைச் சோடா தொடவில்லை.

அந்த இருபது சதவீதம்தான் விஷயம். அசிபேட், இமிடாகுளோபிரிட், தயமெதாக்சம் போன்ற பூச்சிமருந்துகளும் கார்பெண்டசிம் போன்ற பூஞ்சைமருந்துகளும் செடியின் சாற்றோடு ஓடுபவை. சாறு உறிஞ்சும் பூச்சியைக் கொல்ல வேண்டுமென்றால் மருந்து சாற்றில் இருக்க வேண்டும், அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயை வெளியே எடுத்துக் கழுவினால் உப்பு போகாதல்லவா, அது மாதிரி. எனவே கீரையைப் பிரித்து, வேரும் அடித்தண்டும் நறுக்கித் தள்ளி, பாத்திரத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, கடைசியில் குழாயடியில் காட்டுங்கள். கறிவேப்பிலையைத்தான் அதிகம் தேய்த்துக் கழுவ வேண்டும். அடிக்கடி மருந்து வாங்கும் செடி அது, நாமோ பலமுறை கழுவாமலே தாளிப்பில் போடுகிறோம்.

மஞ்சளை மட்டும் அந்தத் தண்ணீரில் போடாதீர்கள். பூச்சிமருந்தை அது எதுவும் செய்யாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. மஞ்சள் பளிச்சென்று இருக்க லெட் குரோமேட் என்ற ஈய நிறமியைச் சேர்க்கும் பழக்கம் தெற்காசியாவில் உண்டு. ஈயத்துக்கு நம் நாட்டில் மஞ்சளில் வரம்பு கிலோவுக்கு 10 மில்லிகிராம். 2024-இல் வந்த ஒரு ஆய்வில் பாட்னா, கராச்சி, பெஷாவர் சந்தை மஞ்சள்களில் 1000-க்கு மேல் இருந்தவையும் இருந்தன. பொடியில்தான் கலப்படம், கிழங்கு வாங்கி அரைத்தால் பிரச்சினை இல்லை என்று நம் பெண்கள் சொல்வார்கள். இந்த நிறமி ஏறுவது பெரும்பாலும் கிழங்கைப் பாலிஷ் போடும்போதுதான். மின்னும் கிழங்கைவிட மங்கலான கிழங்கு மேல். ஈரோட்டுச் சொந்தக்காரர் யாராவது இருந்தால் பாலிஷ் போடாததை வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். வங்கதேசத்தில் இதைக் கண்டுபிடித்து வெளியிட்டு, ஆலைகளில் சோதனை போட்டு, இரண்டே வருடத்தில், 2019-க்கும் 2021-க்கும் நடுவில், ஈயம் இருந்த மஞ்சள் மாதிரிகளை 47 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்கள். செய்ய முடியாத காரியம் இல்லை.

இனி உங்கள் லேப் பார்க்காத விஷயம்.

வர்த்தூர் ஏரிக்கு வரும் தண்ணீர் பெல்லந்தூர் ஏரியிலிருந்து வருகிறது. பெல்லந்தூருக்கு நகரத்தின் சாக்கடை வருகிறது. நுரை ரோடுவரை பறந்ததும், 2017-இல் ஏரியே தீப்பிடித்ததும் பெங்களூரில் இருந்த எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மேற்கே விருஷபாவதி ஆறு இருக்கிறது. பீனியா பக்கத்து முலாம் பட்டறைகளின் கழிவும் வீட்டுச் சாக்கடையும் சேர்ந்து பிடதி அருகே பைரமங்கலா நீர்த்தேக்கம் வரை போகிறது. இந்த வழியெல்லாம் மோட்டார் வைத்து இறைத்துப் பயிர் செய்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்லில் தண்ணீர் இல்லை, வருடம் முழுக்க வற்றாமல் வரும் ஒரே வாய்க்கால் இதுதான். அதில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இலவசமாக வருகின்றன. கீரை தளதளவென்று, ஓட்டையில்லாமல், கரும்பச்சையாக வளரும். பார்த்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது. சொல்லப்போனால் பார்க்க அழகாக இருப்பதுதான் அது.

அந்தத் தண்ணீரில் வரும் உலோகங்கள் எல்லாம் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. குரோமியத்தைப் பற்றித்தான் பேப்பரில் அதிகம் வரும். தண்ணீரில் ஆறு இணைதிறன் வடிவில் இருக்கும்போது அது கொடிய நஞ்சு. மக்கிய மண்ணில் இறங்கியதும் பெரும்பாலும் மூன்று இணைதிறனுக்கு மாறி, மண்ணிலும் வேரிலும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். இலைக்குக் கொஞ்சம்தான் ஏறும். ஈயமும் அப்படித்தான், வேர் வழியாக மேலே ஏறுவது சொற்பம். ஆனால் மண் தெறித்தும் ரோட்டுப் புழுதி படிந்தும் இலைமேல் உட்காரும். ஈயம் சேர்த்த பெட்ரோலை நாட்டில் 2000-த்திலேயே நிறுத்திவிட்டார்கள், ரோட்டோர மண்ணில் விழுந்தது இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஆக ஈயத்துக்கு நல்ல அலசல் பலன் தரும். காட்மியம் அப்படி இல்லை. துத்தநாகம் போலவே இருப்பதால் செடி அதைச் சத்து என்று எண்ணி ஏற்றிக்கொள்கிறது. பாலக் அதில் முன்னணி, தண்டுக்கீரையும் பின்தங்கியது அல்ல. மண் புளிப்பாக இருந்தால் இன்னும் சுலபமாக ஏறும். இலைக்கு உள்ளே இருப்பதால் கழுவினாலும் போகாது, வேகவைத்தாலும் அழியாது. உடம்பில் சிறுநீரகத்தில் சேர்ந்து, பாதியாகக் குறையவே பத்து முதல் முப்பது வருடம் எடுக்கும். ஜப்பானில் தொயாமா மாவட்டத்தில் சுரங்கக் கழிவு கலந்த ஜின்சு ஆற்று நீரில் விளைந்த அரிசியைத் தின்று, எலும்பு நொறுங்கி வலியில் கத்திய பெண்களின் நோய்க்குக் காரணம் காட்மியம் என்று அந்த நாட்டு அரசு 1968-இல் ஒப்புக்கொண்டது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். காட்மியம் சேர்ந்துகொண்டே போவதால் மாதக்கணக்கில்தான் அளவு வைத்திருக்கிறார்கள். உடல் எடை கிலோவுக்கு மாதம் 25 மைக்ரோகிராம். 12 கிலோ குழந்தைக்கு மாதம் 300. இலைக்கீரைக்கு உலக அளவில் கோடெக்ஸ் என்ற உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.2 மில்லிகிராம். சரியாக அந்த வரம்பில் நிற்கும் பாலக்கைத் தினமும் 50 கிராம் கொடுத்தால் மாதத்தில் ஒன்றரைக் கிலோ, காட்மியம் சரியாக 300 மைக்ரோகிராம். அரிசி, கோதுமை, உருளைக்கிழங்கு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வருவது இதில் சேரவில்லை. கொத்தமல்லியின் மருந்தில் எண்பது மடங்கு இடைவெளி இருந்தது. இங்கே ரிப்போர்ட்டில் ‘வரம்புக்குள்’ என்று பச்சை அடித்து வரும் கீரையே, தினமும் கொடுத்தால், அளவைத் தொட்டுவிடுகிறது. காட்மியத்தின் எண் மனிதச் சிறுநீரகங்களைப் பார்த்தே வைத்தது, நூறால் வகுத்த மெத்தை அதற்கு இல்லை.

இதற்கு வழி பாலக்கை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான், கீரையை நிறுத்துவது அல்ல. அதே பாலக் வாரம் இரண்டு நாள் என்றால் அந்தப் பங்கு மூன்றில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். மற்ற நாளில் முருங்கைக்கீரை கொடுங்கள். யாரோ வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரம், சாக்கடைப் பாத்தியில் அதை யாரும் வளர்ப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. உடம்பில் இரும்புச்சத்து குறைந்தால் குடல் காட்மியத்தையும் ஈயத்தையும் அதிகமாக இழுக்கும். பயந்து கீரையை அறவே நிறுத்தி, குழந்தைக்கு ரத்தசோகை வந்தால், மீதி உணவிலிருந்து வரும் உலோகம் கூடுதலாகச் சேரும். உங்களுக்கும் இதே கதைதான், ஹீமோகுளோபின் பார்த்து எவ்வளவு நாள் ஆயிற்று என்று யோசித்துப் பாருங்கள்.

ஆர்கானிக் கடைக்கும் இதனால்தான் நான் முழு மார்க் போடுவதில்லை. செயற்கை மருந்தும் உரமும் போடவில்லை என்பதுதான் அந்த முத்திரையின் வாக்குறுதி. ஒழுங்கான கடையில் மருந்து எச்சம் குறைவாகவே இருக்கும், அதற்குக் காசு கொடுக்கலாம் என்றால் கொடுங்கள். மண்ணில் ஏற்கெனவே இருக்கும் காட்மியத்துக்கு முத்திரை தெரியாது. பெங்களூரின் எம்ப்ரி என்ற சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனத்தார் 20 கடைகளிலிருந்து 10 வகைக் காய்கறிகளில் 400 மாதிரிகள் எடுத்து உலோகம் பார்த்தார்கள். பெரிய சூப்பர் மார்க்கெட், ஹாப்காம்ஸ் என்ற கூட்டுறவுக் காய்கறிக் கடை, ஆர்கானிக் கடை எல்லாம் அதில் இருந்தன, வரம்பைத் தாண்டிய காய்கறிகளும் இருந்தன. பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் செய்தியைத் தானாக எடுத்து விசாரித்தது. கடையின் பெயரைவிட வயலுக்கு எந்தத் தண்ணீர் பாய்கிறது என்பதுதான் முக்கியம். கீரைக்கார அம்மாவிடம் அதைக் கேட்கலாம். போர் தண்ணீரா, ஏரியா, ராஜகாலுவே என்கிற பெரிய வடிகாலா என்று கேட்டால் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள். அவர்களுக்கு அது மறைக்க வேண்டிய விஷயமாகவே தோன்றாது. சூப்பர் மார்க்கெட் ஷெல்ஃபில் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளே இல்லை.

சுத்திகரித்த தண்ணீர் என்றால் சரியா என்று அடுத்து கேட்பீர்கள். 2018-இலிருந்து கோரமங்களா–சல்லகட்டா பள்ளத்தாக்குத் திட்டத்தில் பெங்களூரின் சாக்கடையை இரண்டாம் நிலை வரை சுத்திகரித்துக் கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள், தினம் 440 மில்லியன் லிட்டர் என்பது திட்ட அளவு. கோலார் தக்காளி நம் எல்லார் வீட்டிலும் இருப்பதால் அது நம் பிரச்சினையும்தான். நல்ல சேதி என்னவென்றால், சுத்திகரிப்பில் உலோகத்தின் பெரும்பகுதி தண்ணீரைவிட்டுச் சேற்றுக்குப் போய்விடும். தக்காளி போன்ற காய்ப்பயிர்கள் இலைக்கீரை அளவுக்குக் காட்மியத்தைக் காயில் சேர்ப்பதும் இல்லை. கெட்ட சேதி, அந்தச் சேறு எங்காவது போக வேண்டும்.

மருந்து அடிக்கும் பக்கத்தைப் பற்றியும் கொஞ்சம். நம் நாட்டின் பூச்சிமருந்துச் சட்டமே ஒரு சாவிலிருந்துதான் பிறந்தது. 1958-இல் கேரளத்துக்கு வந்த கோதுமை மாவில், ஒரே கப்பலில் வந்த பாலிடால் என்ற பூச்சிமருந்து கசிந்து கலந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து வருடம் கழித்து 1968-இல் சட்டம் வந்தது. டப்பாவில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருப்பது அந்தச் சட்டத்தின் விதிப்படிதான். சிவப்பு மிகக் கொடியது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் சொந்தக்காரர்கள் கொத்தமல்லியும் புதினாவும் போட்டு மடிவாளா, கலாசிபாளையம் மார்க்கெட்டுக்கு அனுப்புகிறார்கள். அவர்களுக்கு எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்பவர் வேளாண் அதிகாரி அல்ல, மருந்துக் கடைக்காரர். டப்பாவில் அடித்து இத்தனை நாள் கழித்து அறுக்கவும் என்று போட்டிருக்கும். கீரை நான்கு வாரத்தில் அறுப்புக்கு வந்துவிடும், நாளைக்கு விலை நன்றாக இருக்கிறது என்று கமிஷன் மண்டியிலிருந்து போன் வந்தால் அந்த நாள் கணக்கு நிற்காது. உங்கள் 0.3 அப்படித்தான் வந்திருக்கும். அந்த வயலில் கைத்தெளிப்பானை முதுகில் மாட்டி, லுங்கியோடு, முகத்தில் ஒரு துண்டுகூட இல்லாமல் அடித்தவருக்கு ஒரு மணி நேரத்தில் போன அளவு உங்கள் குடும்பம் வருடம் முழுக்கத் தின்றாலும் சேராது. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலிகளும் இருபது பேருக்கு மேல் செத்தார்கள். கீரை ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதறும் அசோசியேஷன் கூட்டங்களில் இந்தப் பேச்சு வந்து நான் கேட்டதில்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், குழந்தை இருப்பதால். பால். எல்லோரும் யூரியா, சோப்புத்தூள் என்று பயப்படுவார்கள். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2018 பால் ஆய்வில் 6,432 மாதிரிகளில் அப்படிப்பட்ட கலப்படம் இருந்தவை 12 மட்டுமே. வரம்புக்கு மேல் அஃப்லடாக்சின் எம்1 இருந்தவை 368. அந்த எண்ணிக்கையில் முதலிடம் நம் தமிழ்நாட்டுக்கு, 551-க்கு 88. பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் பூக்கும் பூஞ்சையின் நஞ்சு மாட்டின் வயிற்றில் போய்ப் பாலில் வடிவம் மாறி வருவது அது. கல்லீரலைத் தாக்கும், புற்றுநோய் வரை கொண்டுபோகும், காய்ச்சினால் போகாது. 1974-இல் ராஜஸ்தான், குஜராத் எல்லைக் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தது இந்த வகை நஞ்சினால்தான். பாலில் வருவது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட இல்லை, மிகக் குறைவு. பாலை நீங்கள் வீட்டில் எதுவும் செய்ய முடியாது. வேர்க்கடலையில் செய்யலாம். சுருங்கியது, நிறம் மாறியது, கசப்பது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். நஞ்சு எல்லாக் கடலையிலும் பரவி இருக்காது, சில சொத்தைகளில்தான் மொத்தமாகக் குவிந்திருக்கும். இன்னொன்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். சுத்திகரித்த கடலை எண்ணெயில் இந்த நஞ்சு காரத்தில் கழன்றுவிடும், மரச்செக்கு எண்ணெயில் அப்படியே இருக்கும். நல்ல கடலையைக் கண்முன் பொறுக்கி ஆட்டினால் செக்கெண்ணெய் அருமை. எந்தக் கடலை என்று தெரியாத பாட்டிலுக்கு இருமடங்கு விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்துத் தெளியவிடும் நம்மூர் வழக்கத்துக்கு மட்டும் ஒரு பலன் உண்டு. சூரிய ஒளி எண்ணெயிலுள்ள அஃப்லடாக்சினைச் சிதைக்கும் என்பதை 1970-களில் மைசூரு சி.எஃப்.டி.ஆர்.ஐ. என்ற உணவு ஆய்வு நிறுவனத்தில் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கடைசியாக, டெஸ்ட். ஒரு கட்டை ஒரு நாள் கொடுத்து வாங்கிய ரிப்போர்ட் அந்தக் கட்டைப் பற்றி மட்டும்தான் பேசும். அசோசியேஷன் இன்னொரு முறை செலவு செய்யத் தயார் என்றால் மருந்துப் பட்டியலை விட்டுவிடுங்கள். லேப்களின் தரத்துக்குச் சான்று தரும் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் இருக்கும் லேபில், அந்த அங்கீகாரம் கீரையில் உலோகம் பார்ப்பதற்கும் உண்டா என்று முதலில் கேட்டுக்கொண்டு, உலோகத்தை நுட்பமாக அளக்கும் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவியில் காட்மியமும் ஈயமும் மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பாலக், தண்டுக்கீரை இரண்டையும் வெவ்வேறு வாரங்களில் வாங்கி, வீட்டில் கழுவுகிறபடி கழுவி, ஈரம் வடித்துக் கொடுங்கள். எத்தனை மில்லிகிராம் வரை நம்பிச் சொல்வார்கள் என்பதையும் எழுதி வாங்குங்கள். 0.1-க்குக் கீழே பார்க்க முடியாத லேப் ‘இல்லை’ என்று கொடுத்தால் அந்த ‘இல்லை’க்கு அர்த்தம் கிடையாது.

கூடவே உங்கள் அபார்ட்மெண்டில் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் எஸ்.டி.பி.யின் சேற்றிலும் ஒரு பாட்டில் கொடுங்கள். அதை அள்ளிக்கொண்டு போகும் டிராக்டர் எந்த வயலில் கொட்டுகிறது என்று செக்ரட்டரியிடம் கேட்டால், தெரியாது என்றுதான் சொல்வார். டிரைவருக்குத் தெரியும், அவரைக் கேளுங்கள்.